கேபாஸ் யோசித்த பதினான்கு மாதம்

கொரோகா என்ற மலை நகரில், காப்பி ஆலையில் மூட்டை ஏற்றுபவர்கள் பதினோரு பேர். மேஸ்திரி முதலில் கூப்பிடுவது கேபாஸ் லூசோமேயைத்தான். அறுபது கிலோ மூட்டையைத் தோளில் வாங்கிக்கொண்டு, லாரிக்குச் சாய்த்த பலகையில் ஏறும்போதே பின்னால் வருபவனோடு ரக்பி ஆட்டத்தைப் பற்றி வாக்குவாதம் செய்வான். மூச்சு வாங்காது. அப்போது அவனுக்கு முப்பத்தாறு வயது. மனைவி யாலினா, நான்கு வயது மகள் சோசி. ஆலைக்குப் பின்னால் தகரக்கூரை வீடு, கொஞ்சம் சர்க்கரைவள்ளித் தோட்டம்.

காப்பி வரத்துத் தொடங்கிய மே மாதம் சுகாதாரக் குழுவினர் ஆலைக்கு வந்து விரலில் ஊசி குத்தி ரத்தம் பார்த்தார்கள். மற்றவர்கள் வரிசையில் நின்றதால் கேபாஸும் நின்றான். மற்றவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். அவனை மட்டும் தனியே அழைத்து, ஆஸ்பத்திரிக்குப் போய் மறுபடி ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரியின் பின்புறம் நீல வண்ணம் அடித்த தனிக் கட்டடம் அது. அதற்குள் போகிறவர் எதற்காகப் போகிறார் என்று ஊருக்கே தெரியும். தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு போனான். சிஸ்டர் வெரோ மறுபடி பார்த்துவிட்டு, எச்.ஐ.வி. இருப்பது உறுதி என்றார். அதே மூச்சில், "மருந்த இன்னைக்கே ஆரம்பிச்சிடலாம்" என்றார்.

"இன்னைக்கேவா?"

"ஆமா. ஒரு நாளைக்கு ஒரு மாத்திர. சீக்கிரம் ஆரம்பிச்சா உடம்பு கெடாது. வீட்டுல இருக்கறவங்களுக்கும் நல்லது."

"எனக்கு ஒரு நோவும் இல்லியே சிஸ்டர். இப்பக்கூட நாப்பது மூட்ட ஏத்திட்டுத்தான் வரேன்."

"மூட்டய தூக்குறது தோளு. இது ரத்தத்துல இருக்கு. அது உங்ககிட்ட சொல்லிட்டு வராது."

கேபாஸின் கண்முன் பெரியப்பா மகன் அகிஸ் வந்து நின்றான். எலும்பும் தோலுமாக ஆன பிறகுதான் அகிஸை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். மாத்திரை கொடுத்த மூன்றாம் வாரம் செத்துப்போனான். அந்த மாத்திரைதான் கொன்றது என்று உறவில் எல்லோரும் சொன்னார்கள், கேபாஸும் சொல்லியிருக்கிறான். "யோசிச்சிட்டு வரேன் சிஸ்டர்" என்று எழுந்தான். பயமிருந்தால் பயமென்று சொல்லச் சொன்னார் சிஸ்டர். இல்லையென்று சொல்லிவிட்டு வெளியே வந்தான்.

வெளி பெஞ்சில் மெரோலின் உட்கார்ந்திருந்தாள். மடியில் காகிதக் கட்டு.

மெரோலினைத் தெரியாதவர் ஆலையில் கிடையாது. ஆலை வாசலில் மாவுருண்டையும் ஆட்டுக்கறியும் பொரித்து விற்பவள். யார் வீட்டில் சண்டை, யார் யாரோடு ஓடினார்கள் என்பதெல்லாம் அவள் எண்ணெய்ச் சட்டியைச் சுற்றித்தான் பேசப்படும். அதைவிட மோசம், அவள் யாலினாவின் ஊர்க்காரி. சாயங்காலத்துக்குள் மனைவியின் அண்ணன்மார் நான்கு பேரும் கத்தியோடு வந்துவிடுவார்கள் என்று கேபாஸுக்குத் தோன்றியது. அவள் தலை நிமிர்ந்து பார்த்தாள். அவன் வந்த வழியே போகாமல் துணி துவைக்கும் இடத்தைச் சுற்றி, வேலி தாண்டி ஓடினான்.

அன்று யாரும் வரவில்லை. மறுநாளும் இல்லை. ஆனாலும் மெரோலின் கடைப்பக்கம் போவதை விட்டான். அவள் சும்மா விடுவாளா?

"என்ன மாப்ள, என் கட உருண்ட கசக்குதா? இல்ல என் மூஞ்சி கசக்குதா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் குத்திக்காட்டுகிறாள் என்றே கேபாஸ் நினைத்தான். அதன்பின் பின்வாசல் வழியாக வேலைக்கு வந்தான். யாலினாவிடம் சொல்ல நான்கைந்து முறை வாயெடுத்தான். அவள் நிமிர்ந்து பார்த்ததும் உப்பு கேட்டான், சோப்பு கேட்டான். அவளை ஒட்டிப் படுக்காமல் தள்ளிப் படுத்தான். வேறு பெண் இருக்கிறாளா என்று அவள் கேட்டபிறகு தள்ளிப் படுப்பதையும் விட்டான். தான் செய்தவற்றிலேயே மோசமானது அதுதான் என்று பின்னாளில் அவனே சொல்லியிருக்கிறான்.

ஒரு வருடம் அப்படியே போயிற்று. பிறகு இருமல் வந்தது. காப்பித் தூசு என்றான். சட்டை தொளதொளத்தது. மூன்று நாள் உபவாசம் இருந்து ஒரு ஜெபக் கூட்டத்துக்குப் போய்வந்தான். திரும்பி வந்த வாரம் உடம்பு லேசாக இருந்தது. குணமாகிவிட்டது என்று நம்பினான். அடுத்த மாதம், ஜூலையில், பலகையின் பாதியில் முழங்கால் மடங்கி மூட்டையோடு விழுந்தான்.

வாசல் மரத்தடியில் அவனைக் கிடத்திவிட்டு மற்றவர்கள் லாரியைக் கவனிக்கப் போனார்கள். மெரோலின் சட்டியை இறக்கிவைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பதினாலு மாசமா என்னப் பாத்தா ஓடுற. நான் என்ன போலீசா?"

அவன் கையூன்றி எழப் பார்த்தான்.

"அன்னைக்கு அந்த பெஞ்சில நான் எதுக்கு ஒக்காந்திருந்தேன்னு நெனச்ச? உருண்ட விக்கவா?" நெற்றியில் வாரை மாட்டி முதுகில் தொங்கவிட்டிருந்த பின்னல் பையை இறக்கி, அடியிலிருந்து ஒரு வெள்ளைப் புட்டியை எடுத்தாள். குலுக்கிக் காட்டினாள். "பதினோரு வருசமா தின்னுறேன். எம்புருசன் போனதுல இருந்து. செவ்வா வியாழன் காலையில அங்க வர்றவங்களுக்கு இதச் சொல்றதுதான் எனக்கு வேல."

கேபாஸ் அவள் கைகளைப் பார்த்தான். தடித்த, எண்ணெய் தெறித்துத் தழும்பான கைகள். ஆறு வருடம் அந்தக் கையால்தான் சாப்பிட்டிருந்தான்.

"நீ ஊர்ல ஒருத்தர்கிட்டயும் சொல்லலியாக்கா?"

"ஊர்க்கத பேசுவேன். இது பேச மாட்டேன். நீதான் கேக்கவே இல்லியே."

"அகிஸ் மாத்திர தின்னுதான் செத்தான்."

"அகிஸ நானும் பாத்தேன். மாத்திர வாய்க்குப் போறப்ப உசுரு பாதி போயிருச்சு. மழ பேஞ்சு வீடு கரைஞ்சப்புறம் கூர போட்டா கூர என்ன செய்யும்? எந்திரி. நடக்க முடியுமா, தூக்கச் சொல்லவா?"

நடந்தே போனான். காசநோயும் சேர்ந்திருந்தது. அதற்கான மாத்திரைகளை முதலில் கொடுத்து, இரண்டு வாரம் கழித்து எச்.ஐ.வி. மாத்திரையைச் சேர்த்தார்கள். கைநிறைய மாத்திரைகளைப் பார்த்து அவன் மலைத்தபோது, "அன்னைக்கு ஒண்ணுதான் குடுத்தேன்" என்றார் சிஸ்டர் வெரோ.

யாலினாவிடம் சொல்லத் தனக்குத் தெம்பில்லை என்றான். அவளை மெரோலின் கூட்டிவந்தாள். சிஸ்டரின் அறையில் வைத்து அவனே சொன்னான். யாலினா கையிலிருந்த குடையால் அவன் தோளில் இரண்டு அடி போட்டாள். மூன்றாவதை சிஸ்டர் பிடித்துக்கொண்டார். பிறகு அவள் விரலை நீட்டினாள். அவளுக்கும் இருந்தது. சோசிக்கும் பார்த்தார்கள், இல்லை.

"மருந்து இன்னைக்கே ஆரம்பிக்கலாம். வேணும்னா யோசிச்சு..." என்று சிஸ்டர் தொடங்கினார்.

"யோசிக்க என்ன இருக்கு? யோசிச்ச ஆளுதான் இங்க ஒக்காந்திருக்கே. குடுங்க."

அங்கேயே தண்ணீர் வாங்கி முதல் மாத்திரையை விழுங்கினாள். மகளைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அண்ணன்மார் வந்தார்கள். கத்தி கொண்டுவரவில்லை, ஆனால் பெரியவன் கன்னத்தில் அறைந்தான். கேபாஸ் கையைத் தூக்கவில்லை. தப்புக்கு ஈடாக அவர்கள் கேட்டபடி, தான் வளர்த்த பெரிய பன்றியைக் கயிற்றோடு ஒப்படைத்தான். அவர்களுக்கு விஷயம் தெரிந்த பிறகும் தனக்கு இன்னும் மூச்சு ஓடுகிறது என்பது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மேஸ்திரி ஆறு மாதம் அவனை மூட்டை தூக்கவிடாமல் சாக்கு வாய் தைக்கும் இடத்தில் உட்காரவைத்தார். என்ன நோய் என்று கேட்கவில்லை. சிலருக்குத் தெரிந்திருந்தது. ஒருவன் தன் தேநீர்க் குவளையைத் தனியாக வைத்துக்கொண்டான். மற்றவர்கள் பழையபடியே இருந்தார்கள்.

நவம்பரில் யாலினா திரும்பினாள். மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை, தோட்டத்தில் களை மண்டிப்போயிற்று என்றாள். தன் மாத்திரையைக் காலையில் அவள் தனியாகப் போட்டுக்கொள்வாள். சாயங்காலம் அவனுடையதை எடுத்து அவன் முன்னால் வைத்து, விழுங்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள். "நாக்க நீட்டு" என்பாள். நீட்டுவான்.

கிறிஸ்துமஸுக்கு அவளுடைய பெரிய அண்ணன் வந்தான். அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து, கேபாஸ் உரித்துக் கொடுத்த கிழங்கை வாங்கித் தின்றான். இன்னொன்று கேட்டான்.