சுருண்ட போஞ்சிக்கு அம்மன் தந்த பதில்

மாரியம்மனை நம்பி வாழும் சொந்தங்களே, போன ஆனி மாதம் நான் அழுத அழுகையை டயகமப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகள் அத்தனையும் கேட்டன. போஞ்சி, அதாவது பீன்ஸ் கொடி சுருண்டதற்கா இந்த அழுகை என்றார்கள். கொடிக்காக இல்லை. என் மகள் மாலாவுக்காக.

மாலா கொழும்பில் ஒரு வீட்டில் வேலை பார்த்தவள். தோட்டம் கைவிட்ட ஒரு மேட்டுத் துண்டில் நாங்கள் சில பெண்கள் குழுவாகச் சேர்ந்து, ரசாயன உரமோ மருந்தோ இல்லாமல் மரக்கறி பயிர்செய்யத் தொடங்கிய பிறகுதான் அவள் ஊரோடு வந்து சேர்ந்தாள். ஹட்டனிலிருந்து வியாபாரி நஸீர் நானா வாரா வாரம் லொறியோடு வந்து வாங்கிப் போவார். மருந்து வாசமே ஆகாது என்பது அவருடைய ஒரே கண்டிப்பு. அப்படியிருக்க, போஞ்சி இலை சுருண்டு, பிஞ்சு கோணிப்போனது. நானா கைவிட்டால் மாலா மறுபடியும் கொழும்புக்குப் போகத்தான் வேண்டும், நடை பழகும் பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டு.

“இந்தத் தடவ பிள்ள என்னய மறந்துரும்மா” என்றாள்.

பனி என்றார்கள், பூச்சி என்றார்கள், கண்ணேறு என்றார்கள். ஒன்றுக்கும் மருந்தில்லை. வெள்ளிக்கிழமை பூசைக்குப் போய், “தாயே, எங்க தப்பு எதுன்னு காட்டு. என் பிள்ளய பஸ்ஸில ஏத்தாத” என்று மட்டும் கேட்டேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

பக்கத்தில் எங்கள் குழுவின் சரோஜா நின்றாள். தீபாராதனையின்போதும் வாய் மூடாதவள். “அக்கா, எம் பாத்திக்குப் புல்லு பத்தலன்னு காஞ்ச சருகப் போட வச்சீங்கள்ல? இப்ப பாருங்க, ஏம் போஞ்சி மட்டும் ஜம்முனு நிக்கிது!” என்று காதுக்குள் சிரித்தாள்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. புல்!

தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வெறுந்தலையோடு மலை இறங்க எங்கள் பெண்களுக்குக் கூச்சம். ஒரு கட்டுப் புல்லாவது தலையில் இருக்க வேண்டும். அந்தப் புல் தேயிலைக்கு நடுவே களைக்கு மருந்தடித்த புல். அது எங்களுக்குத் தெரியும். அதனால்தான் மாட்டுக்குப் போடவில்லை. அதில் நாங்கள் கெட்டிக்காரிகள்! பச்சையாக இருப்பதை எறிவானேன் என்று, மண் காயாமலிருக்கப் பாத்திகளில் பரப்பிவிட்டோம்.

நானா வந்ததும் அத்தனையையும் சொன்னேன். அவர் சுருண்ட இலையைப் புரட்டிப் பார்த்தார்.

“மாட்டுக்கு ஆகாதது மண்ணுக்கு மட்டும் ஆகுமாக்கா?”

“அறிவில்லாமப் போச்சு நானா.”

“மறைச்சிருந்தீங்கன்னா இன்னயோட நிப்பாட்டியிருப்பேன். அந்தப் பாத்திய எல்லாம் பிடுங்கிருங்க. அந்த மண்ணுல எதுவும் எனக்கு இப்ப வேணாம். டின்னில அந்த மண்ண அள்ளி போஞ்சி போட்டுப் பாருங்க. இல சுருளாம வந்தா மறுபடி நடுங்க. அது வரைக்கும் சரோஜா பாத்தியும், புல்லு போடாத அந்தப் பக்கத்து லீக்ஸ் பாத்தியும் போதும், லொறி வரும்.”

லொறி வரும் என்றாரே, அந்த இடத்திலேயே கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டேன். மாலா என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். கொழும்புக்குப் போகவில்லை.

நல்ல மழை பெய்தது. முதல் டின்களில் இலை சுருண்டது, பிறகு வந்தவற்றில் விரிந்தது. இன்றைக்கு எங்கள் பாத்திக்கு வரும் எந்தப் புல்லும் எருவும் முதலில் மாலாவின் டின்னுக்குத்தான் போகிறது. பக்கத்துத் தோட்டங்களிலும் பெண்கள் குழு தொடங்க அவளைக் கூப்பிடுகிறார்கள். பிள்ளை அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டே போகிறது.

நம்பிக் கேளுங்கள், சொந்தங்களே. கேட்டுவிட்டுக் கண்ணை மூடியே நிற்காதீர்கள். பக்கத்தில் நிற்பவள் தொணதொணப்பதையும் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். என் தாய் அந்த வாயால்தான் எனக்குப் பதில் சொன்னாள்.