பூசணிக்காயில் முதல் கத்தி

எங்கள் வீட்டில் முழுப் பூசணிக்காயைப் பெண்கள் வெட்டக்கூடாது. ஆண் ஒருவர் கத்தியை வைத்து இரண்டாகப் பிளந்து கொடுக்க வேண்டும். அதற்கப்புறம் விதை எடுப்பது, தோல் சீவுவது, நறுக்குவது, அடுப்படியில் நின்று வேர்ப்பது எல்லாம் பெண்கள் பாடு. பெண்ணின் கை முதலில் பட்டால் அந்த வீட்டு ஆணுக்கு ஆயுசு குறையும் என்பார் என் மாமியார். கல்யாணமாகி பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்த புதிதில் இதைக் கேட்டு எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஜப்பான்காரன் வந்தபிறகு அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

நான் படித்தது அமெரிக்க மிஷன்காரர்கள் நடத்திய பெண்கள் பள்ளியில். அங்கே சமையல் வகுப்பில் ஒரு வெள்ளைக்கார டீச்சர், தங்கள் ஊரில் அறுவடை முடிந்ததும் செய்கிற பண்டம் என்று பூசணிப் பை செய்யக் கற்றுக்கொடுத்தார். கோதுமை மாவில் வெண்ணெயைப் பிசிறித் தட்டில் விரிக்க வேண்டும். வேகவைத்து மசித்த மஞ்சள் பூசணியில் முட்டை, பால், சர்க்கரை, பட்டைத்தூள் கலந்து அதில் ஊற்றிச் சுட வேண்டும். வருடம் முழுக்க ஒரே வெயிலும் மழையுமாக இருக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு, இலையுதிர்காலத்துப் பலகாரத்தை மார்க்குக்காகச் செய்தோம்.

என் கணவர் ரயில்வேயில் குமாஸ்தா. அந்தப் பை என்றால் அவருக்கு உயிர். காயைப் பலகையில் வைத்து, இல்லாத மீசையை முறுக்கிக்கொண்டு, ஒரே போடாகப் போட்டுப் பிளந்துவிட்டுத்தான் ஆபீஸ் கிளம்புவார். சாம்பாருக்கு ஆகிற காயை மாவுக்குள் போட்டுப் பாழாக்குகிறாள் என்று அத்தை முணுமுணுப்பார். தன் மகன் இரண்டாவது துண்டு கேட்கும்போது மட்டும் எனக்கு முன்னால் எழுந்துபோய் எடுத்து வைப்பார்.

ஜப்பான் காலத்தின் இரண்டாம் வருடம், வைகாசியில், அவரைச் சயாமுக்கு அனுப்பினார்கள். அங்கே புதிதாக ரயில் பாதை போடுகிறார்கள், மூன்று மாத வேலை, இரண்டு சட்டை போதும் என்றார்கள். நான் மூன்று சட்டை வைத்தேன். மூன்று மாதம் ஆறு மாதமாயிற்று. ஒரு வரி கடிதம் வரவில்லை. வீட்டில் அத்தையும் நானும்தான் மிச்சம்.

அரிசி பங்கீட்டில் கிடைத்தது ஒரு வாரத்துக்குக்கூடக் காணாது. மற்ற நாளெல்லாம் மரவள்ளிக்கிழங்கு. வெயிலில் கிழங்குக்குக் கொத்துவது, வரிசையில் நிற்பது, விறகு பொறுக்குவது, மறுபடி கொத்துவது என்று போயிற்று. காலையில் எழுந்திருக்கும்போதே உடம்பு சாயங்காலத்துக் களைப்போடு எழுந்திருக்கும். இத்தனைக்கும் நடுவில், யாரும் கேட்காமலே பின்பக்கச் சாக்கடையோரம் பூசணிக்கொடி படர்ந்து காய்த்துத் தள்ளியது. வெட்ட முடியாத காய்தான் எங்களுக்கு வாய்த்தது.

எங்கள் வரிசை வீடுகளில் பாதி ஆண்கள் சயாமில். மீதிப் பேர் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று பயந்து எங்கெங்கோ போயிருந்தார்கள். கடைசி வீட்டில் ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு ஒருவர் இருந்தார், யாழ்ப்பாணத்துக்காரர். நாங்கள் காயை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவர் வாசலில் போய் நிற்போம். அவர் இருமி முடித்து, கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, கத்தியை வைப்பார். அடுத்த வருடம் ஆனி மாதம் அவரும் கிள்ளானில் மகள் வீட்டோடு போய்விட்டார். அப்புறம் எங்களுக்கு இருந்தது சோப்பு பாய் ஒருவர்தான். முன்பு துணி விற்றவர், துணி இல்லாமல் போனதும் செம்பனை எண்ணெயில் காய்ச்சிய சோப்பைத் தூக்கிக்கொண்டு வருவார். சோப்பு வாங்காமல் பூசணிக்காயை நீட்டுகிற எங்களை அவர் கோபித்துக்கொண்டதில்லை. ஆனால் எப்போது வருவார் என்று சொல்ல முடியாது.

நான் அந்தத் தப்பைச் செய்தது, கார்டு போனதற்கு அடுத்து வந்த தைப்பூசம் முடிந்த வாரத்தில். பத்துமலைக்கு நடந்தே போய் வந்த கால்வலி எனக்கு இன்னும் தீரவில்லை. அத்தை பங்கீட்டு வரிசைக்குப் போயிருந்தார். பாய் வந்து பல நாளாகியிருந்தது. சமையல்கட்டில் பழுத்த பூசணி ஒன்று கிடந்தது. எனக்குப் பசி என்று சொன்னால் பாதிதான் உண்மை. கிழங்கைப் பார்த்தாலே குமட்டியது. இன்னொரு நாள் அதைத் தின்றால் பைத்தியம் பிடித்துவிடும்போல இருந்தது. பூசணிப் பையின் நினைப்பு வந்துவிட்டது. கத்தியை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, வெட்டிவிட்டேன்.

கோதுமை மாவு கிடையாது, கிழங்கு மாவுதான். வெண்ணெய்க்குத் தேங்காயெண்ணெய். முட்டை கிடையாது, மாவில் கொஞ்சம் கஞ்சி காய்ச்சி அதை வைத்துக் கெட்டிப்படுத்தினேன். பாலுக்குத் தேங்காய்ப்பால், சர்க்கரைக்கு ஒளித்து வைத்திருந்த குலா மலாக்கா வெல்லத்தில் ஒரு துண்டு. பட்டைக்குப் பதில் சுக்கு. பிஸ்கட் டின்னில் மணல் பரப்பித் தட்டை உள்ளே வைத்து, மேலே தகரத்தில் நெருப்பு அள்ளிப் போட்டுச் சுட்டேன். கிழங்கு மாவு வெந்து, பல்லில் ஒட்டும் ரப்பராகிவிட்டது. அந்த டீச்சர் பார்த்திருந்தால் மார்க்கே போட்டிருக்கமாட்டார். ஆனால் உள்ளே இருந்த பூசணி நன்றாக இருந்தது. பாதியை நின்றுகொண்டே சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்ததும்தான் கத்தியைக் கழுவித் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

அத்தை வந்தபோது, பாய் வந்தார், வெட்டிக் கொடுத்துவிட்டுப் போனார் என்று சொன்னேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உட்கார்ந்து மீதியை மெதுவாகச் சாப்பிட்டார்.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போனது. படித்தவள்தான், பூசணிக்காய்க்கும் மனுஷன் ஆயுசுக்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? வாசலில் சைக்கிள் மணி கேட்டால், சேதி வந்துவிட்டதோ என்று பின்பக்கம் போய் நின்றுகொள்வேன். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அது நான் செய்ததுதான் என்று தினமும் கிழங்குக்குக் கொத்தும்போது எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அத்தையின் முகத்தைப் பார்த்துப் பேசுவதைக் குறைத்துக்கொண்டேன்.

ஜப்பான்காரன் தோற்றான். கார்த்திகை மாதம், என் கணவரோடு ஒரே ஆபீஸில் வேலை பார்த்த தம்பி ஒருவர் சயாமிலிருந்து வந்து சேர்ந்தார். போகும்போது குண்டாக இருந்தவர். வாசலில் நின்றது யாரென்றே எங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. உள்ளே வந்து, காலில் கட்டியிருந்த துணியை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தார். காப்பி வேண்டாம் என்றார். அதிலேயே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. காலரா என்றார். இரண்டே நாள், ரொம்பக் கஷ்டப்படவில்லை என்றார். அது பொய் என்று அவர் குரலிலேயே இருந்தது.

அத்தை அழவில்லை. முன்னால் குனிந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“எந்த மாசம்பா?”

நான் கேட்க வேண்டிய கேள்வி அது.

“நாங்க இங்கேருந்து போன அந்த வருசமே, அம்மா. ஐப்பசி. தீபாவளிக்கு இன்னும் எத்தனை நாள்னு அண்ணன்தான் எண்ணிக்கிட்டு இருந்தாரு.”

வைகாசியில் போனவர் ஐப்பசியில் போய்விட்டார். நான் கத்தியை எடுத்ததற்கு ஒரு வருடத்துக்கும் முன்னால். எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. அப்பாடா என்று இருந்தது. கணவன் செத்த சேதியைக் கேட்டு அப்பாடா என்று மூச்சு விட்டவள் நான். இதை இத்தனை வருடம் யாரிடமும் சொன்னதில்லை.

ஆனால் அந்த மூச்சு எனக்குப் பக்கத்திலிருந்தும் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். அத்தை சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார்.

அந்தத் தம்பி போனபிறகு அத்தையே சொன்னார். என் கணவர் சயாமுக்குப் போன மறு வருடம் ஆடியில் நான் மலேரியாவில் நினைவில்லாமல் கிடந்திருக்கிறேன். கஞ்சிக்கு ஒரு பிடி அரிசி இல்லை, கார்டும் கிள்ளானுக்குப் போய்விட்டார். காயை வைத்துக்கொண்டு அத்தை இரண்டு நாள் பாயை எதிர்பார்த்து வாசலில் உட்கார்ந்திருந்தாராம். மூன்றாம் நாள் அவரே வெட்டி, வேகவைத்துக் கரைத்து எனக்குப் புகட்டினாராம்.

“உன்னை விட்டுட முடியல. அவன்கிட்ட மனசுக்குள்ள மன்னிப்புக் கேட்டுட்டு வெட்டினேன்” என்றார்.

நானும் சொன்னேன். பூசத்துக்கு அடுத்த வாரம் பாய் வரவில்லை, வெட்டியது நான்தான் என்றேன்.

“அன்னைக்கே தெரியும். உனக்குக் காய்ச்சல் விட்டப்போ நான் உன்கிட்ட சொன்ன அதே பொய்யை எனக்கே திருப்பிச் சொன்னே.”

ஐப்பசிக்குப் பிறகும் கார்டின் வாசலில் எத்தனை காய்களோடு நின்றிருப்போம், எத்தனை தடவை பாயை வழிமறித்திருப்போம். யாருடைய ஆயுசைக் காப்பாற்ற என்று நினைத்துப் பார்த்தால் எனக்குச் செத்துப்போன அவர் மேலேயே கோபம் வந்தது.

இறந்த திதி சரியாகத் தெரியாததால், சேதி கேட்ட நாளிலிருந்து எண்ணிப் பதினாறாம் நாள் காரியம் செய்தோம். இறந்தவருக்குப் பிடித்ததை இலையில் வைத்துப் படைக்க வேண்டும். வடைக்கு உளுந்து கிடைக்கவில்லை, பாயசத்துக்கு வழியில்லை. காலையில் நான் அடுப்பை மூட்டிக்கொண்டிருந்தேன். அத்தை கொடியிலிருந்து ஒரு காயைப் பறித்துவந்து பலகையில் வைத்தார். வெட்ட யாரைக் கூப்பிடுவது என்று பழக்கத்தில் நான் வாசல் பக்கம் திரும்பினேன்.

“யாரும் வேணாம்மா. அவனுக்குச் செய்வியே, அதைச் செய்” என்றார்.

என் பின்னால் கத்தி காய்க்குள் இறங்குகிற சத்தம் கேட்டது. அதுவரை எனக்கு அழுகை வரவில்லை.