மாமா வீட்டுச் சிவப்பு

ஹாம்பர்க்கில் தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட நான் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். கட்டடங்களுக்கு சோலார் மாட்டித் தரும் கம்பெனி எங்களுடையது. இங்கே என் ஒவ்வொரு நிமிடமும் ஏதாவது ஒரு புராஜெக்ட் கணக்கில் ஓட வேண்டும். சேர்ந்த புதிதில் பக்கத்து மேசைக்காரனுக்கு ஒரு வரைபடம் தேடிக் கொடுத்தேன். மேலாளர் ஸபீனே வந்து, "அந்த நேரம் எந்தப் புராஜெக்ட்?" என்றார். "உதவி" என்றேன். அந்தப் பெயரில் புராஜெக்ட் இருக்கிறதா என்று கணினியில் தேடினார். இது மனுஷியா, ஆட்டோ மீட்டரா என்று தமிழில் முணுமுணுத்தேன். அவர் நன்றி சொல்கிறேன் என்று நினைத்துத் தலையாட்டினார்.

அந்தக் கோபம் ஒரு மதியம் அடங்கியது. பாதிகூட முடியாத ஒரு பள்ளிக்கூட வேலையை ஸபீனே திரையில் காட்டினார். ஆட்களின் நேரம், சாமான், வண்டிக்கு டீசல் எல்லாம் அன்றன்றைக்கே ஏறி, பச்சையாக இருந்த லாபக்கோடு என் கண்முன் சிவப்புக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. வேலை நடக்கும்போதே நஷ்டம் தெரிகிறது, இன்றைக்கே சரிசெய்யலாம். ஊரில் நாங்கள் எல்லாம் முடிந்த பிறகு தலையில் கைவைத்துத்தான் தெரிந்துகொள்வோம். வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

கள்ளக்குறிச்சியில் என் தம்பி சரவணன் சோலார் பம்பு மாட்டும் கடை வைத்திருக்கிறான். ஓயாத வேலை, கையில் எதுவும் தங்கவில்லை. தை பிறப்பதற்குள் கடையை மூடிவிட்டுச் சென்னையில் சம்பளத்துக்குப் போவதாக இருந்தான். அதே மாதிரி ஒரு மென்பொருளை அவன் போனில் போட வைத்தேன்.

"கல்வராயன் மலை வேலைய வுட்டுட்றேன்கா. போய்வர டீசலு, தங்கற செலவு, அதான் எல்லாத்தியும் துன்னுது."

"மொதல்ல எல்லாத்தையும் ஏத்து. களமருதூர் மாமா வூட்டுக்குப் போறதையும்."

"இன்னாக்கா, மாமா வூட்டுக்குப் போறதுலாம் வேலையா?"

"பம்பு பாக்கத்தானடா போற?"

"அங்க சோறு துன்ற நேரம்?"

"அதையும் ஏத்து."

அடுத்த மாதம் இருவரும் திரையைத் திறந்து பார்த்தோம். மலை பச்சையாக இருந்தது. ஒரு போல்ட்டை மறந்தால் அத்தனை வளைவும் இறங்கி வர வேண்டும் என்பதால், மலைக்குச் சரவணனும் ஆட்களும் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய் ஒரே மூச்சில் முடித்துவிட்டு வருகிறார்கள். சிவப்பு முழுக்கக் களமருதூரிலும் எலவனாசூர்கோட்டையிலும் இருந்தது. பக்கத்தில்தானே என்று மறந்த ஸ்பேனருக்கு ஒரு முறை, வால்வுக்கு ஒரு முறை, மாமா கூப்பிட்டார் என்று ஒரு முறை. கடையைத் தின்றது தூரம் இல்லை, பக்கம். படித்த எனக்கும் மலைமேல்தான் சந்தேகம் இருந்தது.

இப்போது சரவணன் களமருதூருக்கும் மலைக்குப் போவதுபோலவே போகிறான்: குறித்த நாள், முழுச் சாமான், ஒரே நடை. மாமா எனக்குப் போன் செய்தார்.

"இன்னாம்மா, ஜெர்மனில இருந்துக்கினு எங்க வூட்டு மீன்கொழம்புக்கு மீட்டர் போடுறியாமே?"

"கடை மூடக்கூடாதுன்னுதான் மாமா."

"மூடலல்ல, அது போதும். ஆனா பையன் முன்னமாதிரி வர்றதில்ல."

தை வந்து போனது. கடை திறந்தே இருக்கிறது. என் திரையில் ஹாம்பர்க் வேலைகளும் கள்ளக்குறிச்சி வேலைகளும் அடுத்தடுத்த சன்னல்களில் ஒரே நிறங்களில் ஓடுகின்றன. வருடத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போகிறேன். கல்யாணம், காதுகுத்து, துக்கம் விசாரிப்பு எல்லாவற்றையும் ஒரே நடையில் முடித்துவிட்டுத் திரும்புகிறேன். நான்தான் இப்போது மலைமேல் இருக்கும் வேலை. கணக்கில் ஏற்றினால் நான் நல்ல பச்சையாக இருப்பேன். மறந்த ஸ்பேனருக்காக யாரும் என் வாசலுக்குத் திரும்பி வரப்போவதில்லை. சில மதியங்களில் அந்தக் களமருதூர்ச் சிவப்பைத் திறந்து பார்க்கிறேன். பொறாமையாக இருக்கிறது.