கெஸ்ட் பிளேயரும் என் விசிலும்

ஆடுவது இருபத்திரண்டு பேர், ஏச்சு வாங்குவது விசில்காரன் ஒருவன். கோவில்பட்டிப் பக்கம் கால்பந்து நடுவராக ஓடிய எனக்கு இது தெரியும். எங்கேயாவது விசில் பிடித்திருந்தால் உங்களுக்கும் தெரியும்.

ஸ்டிக் எங்கே?

எங்கள் ஊர் ஹாக்கி ஊர். கால்பந்து என்றால் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் ஆட்கள் மட்டும் ஞாயிறுதோறும் ஆடுவார்கள், தவறாமல் தோற்பார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் அவர்களுடைய முதலாளிக்கு அலுத்துவிட்டது. கயத்தாறு அணியிடமும் தோற்றால் இனி ஞாயிற்றுக்கிழமையும் வேலை என்று சொல்லிவிட்டார்.

கேப்டன் மாரியப்பன் பயந்துபோய், தெரிந்த பேங்க் மேனேஜரைப் பிடித்தான். மேனேஜரின் பழைய சிநேகிதர் ஒருவர் இந்தியாவுக்கு ஆடியவர், கேரளத்துக்காரர். அந்த ஒரு ஆட்டத்துக்கு மட்டும் கெஸ்ட் பிளேயராக வரச் சம்மதித்தார். பஸ்ஸை விட்டு இறங்கியவரை டீக்கடைக்காரர் மேலும் கீழும் பார்த்துவிட்டு என் காதில் கேட்டார்: "இந்தியாவுக்கு ஆடுனவியன்னு சொன்னீய, ஸ்டிக்க எங்க காணோம்?"

ஒதுங்கி நின்றவர்கள்

ஆட்டம் தொடங்கியது. கெஸ்ட் பந்தோடு வந்தால் கயத்தாறுக்காரர்கள் வழிவிட்டு நின்றார்கள். ஒருவன் கையை நீட்டி வழியே காட்டினான். மனிதர் நேராக கோல் வரைக்கும் போய், பந்தை வேண்டுமென்றே வெளியே தட்டிவிட்டு என்னிடம் வந்தார். "என்னை டேக்கிள் பண்ணச் சொல்லுங்க சார். தனியா ஓடவா இத்தனை தூரம் வந்தேன்?"

எந்த விதியில் இதைச் சொல்வது? இருந்தாலும் கயத்தாறின் பின்வரிசை ஆட்டக்காரனைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவன் முகம் சுண்டிப்போனது. "கெஸ்டுன்னு மைக்குல நீங்கதான சார் சொன்னீய? விருந்தாளிய எப்படி இடிக்க?"

கடைசி நிமிடம்

இரண்டாவது பாதியில் கூச்சம் விட்டு இடித்தார்கள். கெஸ்ட் கரிசல் புழுதியில் நாலு தடவை விழுந்து, சிரித்துக்கொண்டே எழுந்தார். அதற்குள் கயத்தாறு ஒரு கோல் போட்டுவிட்டது. இன்னும் ஒரு நிமிடம்தான். ஒரு கோல் விழுந்தால் ஆட்டம் சமன், ஞாயிறும் தப்பும்.

கெஸ்ட் இரண்டு பேரை ஏமாற்றி, மாரியப்பனுக்குப் பந்தைத் தள்ளிவிட்டு முன்னே ஓடினார். கோல்கீப்பர் தரையில் கிடந்தார். மாரியப்பனுக்கு முன்னால் வெறும் கோல் போஸ்ட். அவன் அடிக்கவில்லை. போஸ்ட் பக்கம் நின்ற கெஸ்டுக்குப் பந்தை முன்னால் உருட்டிக் கொடுத்தான். அவர் உள்ளே தட்டினார், ஊரே துள்ளியது. லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கிவிட்டார். பந்து வருவதற்கு முன்பே கெஸ்ட் எல்லோரையும் தாண்டி நின்றதால் சுத்தமான ஆஃப்சைடு. எனக்கு ஊத மனசே இல்லை, ஊதினேன்.

ஆட்டம் முடிந்ததும் நான் மாரியப்பனிடம் சத்தம் போட்டேன். "ஏலே, நீயே அடிச்சிருக்கலாம்லா?"

அவன் சட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "எனக்கு அடிக்கத் தெரியாதா அண்ணாச்சி? நம்ம டீமுக்கு ஆட வந்த மனுசன, ஒரு கோல்கூட இல்லாம வெறுங்கையோட எப்படி அனுப்ப?"

கால்பந்தின் பதினேழு விதியும் மனப்பாடமாக, விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அடுத்த ஞாயிறு மைதானத்துக்குப் போனேன். ஊதுவதற்கு அங்கே யாரும் இல்லை.