அக்காவின் தோளும் லேசர் எக்ஸ்ரேயும்

கொழும்புத் தமிழ் வார இதழொன்றில் பள்ளிக்கூட மாஸ்டரான நான் அப்போது அறிவியல் எழுதிக்கொண்டிருந்தேன். பதுளையில் எனக்கு நிரந்தர வாசகர் ஒருவர் இருந்தார். அச்சுப்பிழை தேடுவதற்காக வாசிக்கும் அந்த ஒருவரும் நானேதான்.

இரண்டாயிரங்களின் நடுவில், பஸ் நிலையத்தருகே இருந்த இன்டர்நெட் கடையில் ஒரு செய்தி அகப்பட்டது. வாயுவின் மேல் வலுவான லேசரைப் பாய்ச்சிப் புதுவகை எக்ஸ்ரே உண்டாக்குகிறார்களாம். எலும்பு எக்ஸ்ரேயை மறிக்கும். அதனால் படத்தில் விழும். தசையும் தசைநாரும் மறிப்பதில்லை, கொஞ்சம் வளைத்து மட்டும் விடும். கண்ணாடிக் கிளாஸ் வெளிச்சத்தை மறைக்காவிட்டாலும் அதன் விளிம்பு தெரிகிறதல்லவா? அப்படி அந்த வளைவைப் பிடித்தால் மென்திசுவும் படத்தில் தெரியும்.

என் அக்காவுக்கு வேண்டியதும் அதுதான். பசறைப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவள், தோள் வலியால் வலது கையைத் தூக்க முடியாமல் கிடந்தாள். எக்ஸ்ரேயில் எலும்பு பழுதில்லாமல் பளிச்சென்று இருந்தது; தசையைக் காட்டும் ஸ்கேனுக்குக் கொழும்பு போகக் காசில்லை. "படத்துல ஒண்ணும் இல்லதானே, கொழுந்தெடுக்க மலைக்குப் போ" என்றுவிட்டார் தோட்ட நிர்வாகியான துரை. பிள்ளைக் காம்பராவில் குழந்தை பார்க்கும் வேலைக்கு மாற்றாவிட்டால் அவளுக்குப் பேர் வெட்டுத்தான், வேலையே போய்விடும்.

"நான் தொரைக்கிட்ட பேசுறேன்" என்றேன்.

"என்னான்னு பேசுவ தம்பி?"

"அறிவியல்பூர்வமா."

"அதான் பயமா இருக்கு."

துரையின் மேசையில், நான் எழுதிவைத்திருந்த கட்டுரையை விரித்து, லேசரிலிருந்து கிளாஸ் வரை விளக்கினேன். மனிதர் சொக்கிப்போனார்.

"அப்ப பழைய எக்ஸ்ரேல சதை தெரியாது?"

"தெரியாதுங்க."

"புது மெஷின்ல தெரியும்?"

"நல்லாத் தெரியும்."

"ரொம்ப நல்லம் மாஸ்டர். அந்தப் படத்த எடுத்துட்டு வாங்க, வேல மாத்தலாம்."

அந்தக் கருவி அப்போது ஏதோ வெளிநாட்டு ஆய்வுகூடத்தில் ஒரு மண்டபத்தையே அடைத்துக்கொண்டு வண்டுகளைப் படமெடுத்துக்கொண்டிருந்தது. வண்டாகப் பிறக்காதது அக்காவின் தவறு.

லயத்து வீட்டுக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னேன். அக்கா என்னைத் திட்டவில்லை. கொடியில் காய்ந்த என் வெள்ளை வேட்டியை எடுத்து நீளநீளமாகக் கிழித்தாள்.

மறுநாள், வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில், தோளிலிருந்து விரல் வரை சுற்றிய கட்டோடு, கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள். ஜீப்பைவிட்டு இறங்கிய துரை பதறிவிட்டார்.

"ஐயோ! இவ்வளவு மோசமா? இத மொதல்லயே சொல்லக் கூடாதா? காம்பராவுக்குப் போ!"

என் கட்டுரை வெளிவந்தது. மென்திசுவைக் காட்ட எட்டு முழ வேட்டியே போதும் என்ற கண்டுபிடிப்பை அதில் சேர்க்கவில்லை. இதழாசிரியர் படம் கேட்பார்.