காருக்குள் தூளி கட்டச் சொன்னார்கள்

என் கடையில் "முடியாது" என்ற சொல் கிடையாது. நாலாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டுப் பம்பாய்க்கு வந்தவன் நான். குர்லாவில் இந்த கார் சீட் கவர் கடையை ஒற்றை ஆளாக உண்டாக்கினேன். கிழிந்த சீட்டோ, தொங்கும் ரூஃப் துணியோ, நான் தொட்ட வேலை திரும்பி வந்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. குர்லாவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

இப்போது அலுத்துவிட்டது. முதுகும் போய்விட்டது. இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒரு சங்கதி சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்கிறேன்.

ஒரு மத்தியானம் தாராவியிலிருந்து இசக்கி என்ற பையன் செகண்ட் ஹேண்ட் கார் ஒன்றோடு வந்தான். கூடவே மனைவி செல்வியும் அவனுடைய அக்காவும். கழுத்து நிற்காத பிள்ளை மான்குர்தில் செல்வியின் அம்மா வீட்டில் இருந்தது. மறுநாள் அதைத் தாராவிக்கு அழைத்து வர வேண்டும். டிக்கியில் ஒரு குழந்தை சீட் கிடந்தது. அக்கா கையில் பழைய நூல் சேலை.

"அண்ணாச்சி, மேல ரெண்டு பக்கமும் கொக்கி போடுங்க. தூளி கெட்டணும்" என்றாள் அக்கா.

"எங்க, வீட்லயா?"

"கார்லதான்."

"வேண்டாம் அண்ணாச்சி, இந்த சீட்ட மாட்டிக் குடுங்க" என்றாள் செல்வி.

"பெல்ட்டு போட்டுக் கெட்டி வைக்கதுக்கு எம் மருமவன் என்ன களவாணிப் பயலா? தூளி இல்லாட்டா அவன் கண்ணு அடைக்க மாட்டான். இந்தா நிக்கானே, இவனையே இந்தச் சேலையில போட்டு ஆட்டித்தான் வளத்தேன்."

இசக்கி என்னைப் பார்த்தான். "நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி. நான் எந்தப் பக்கம் பேசினாலும் ராத்திரி சோறு கெடைக்காது."

செல்வியின் கண் கலங்கியிருந்தது. சொல்லிப் பார்த்தேன். அக்கா கேட்பதாக இல்லை. வாயால் பேசி ஜெயிக்க எனக்குத் தெம்பும் இல்லை. கொக்கி போட்டேன். நான் போட்டால் எப்படி இருக்கும்? பிடித்து நானே தொங்கிப் பார்த்தேன், அசையவில்லை. சேலையைக் கட்டினோம். பக்கத்துக் கடையில் ஒரு தேங்காய் வாங்கி உள்ளே போட்டேன்.

"நாளைக்குத்தான பிள்ள. இன்னைக்கு இது போவட்டும்" என்றேன்.

கடைக்குப் பின்னால் ஆள் நடமாட்டமில்லாத ரோடு. இசக்கி ஓட்டினான், செல்வி அவன் பக்கத்தில், நானும் அக்காவும் பின்னால். தூளி லேசாக ஆடியது. "பாத்தியளா, எவ்வளவு சொகமா போவுது" என்றாள் அக்கா.

"இசக்கி, பிரேக் அடி."

வேகம்கூட இல்லை. தூளி முன்பக்கம் எகிறியது. தேங்காய் இரண்டு சீட்டுக்கும் நடுவே பறந்து ரேடியோவில் மோதி உடைந்தது. கியர் கம்பியில் தண்ணீர் வழிந்தது.

"சூறைக்காய் விட்டாச்சு" என்றான் இசக்கி. யாரும் சிரிக்கவில்லை. அக்கா தொங்கிய சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

திரும்பி வரும்போது இசக்கிக்கு இன்னொரு யோசனை. "ஆன்லைன்ல கேரியர் வாங்கியிருக்கேன். பிள்ளைய அதுல போட்டு இவ நெஞ்சோட மாட்டிக்கிடட்டுமே?"

"அதே பிரேக்க அடிச்சா இவ பிள்ள மேலயேல்லா சாய்வா? கேரியர் நடக்கதுக்குடே. அதுவும் கழுத்து நிக்கட்டும்."

சீட்டை எடுத்தேன். அடிபட்ட காரில் இருந்ததா என்று முதலில் கேட்டேன்; ஒரு தடவை அடி வாங்கிய சீட்டை நம்ப முடியாது. இல்லை, தெரிந்தவர்கள் தங்கள் பிள்ளை வளர்ந்துவிட்டதால் கொடுத்தார்கள் என்றாள் செல்வி. பின் சீட்டில், பின்பக்கம் பார்க்கிற மாதிரி வைத்து பெல்ட்டை இறுக்கினேன். சீட்டைப் பிடித்து ஆட்டினால் கார்தான் ஆட வேண்டும். அதுதான் கணக்கு.

அக்கா மெதுவாகக் கேட்டாள். "திரும்பி உக்காந்தா பிள்ள யாரு மொகத்தப் பாக்கும்?"

"பக்கத்துல நீங்கதான மதினி உக்காரப் போறீங்க" என்றாள் செல்வி. "ஒங்க மொகத்தத்தான்."

அக்கா சேலையை மடிக்க ஆரம்பித்தாள்.

"ஒங்க சந்துக்குள்ள கார் போவுமா தாயி?" என்று அக்காவிடம் கேட்டேன்.

"எங்க போவும்? ரெண்டு பேரு எதிர எதிர நடக்க முடியாது."

"அப்ப மெயின் ரோட்லருந்து பிள்ளைய எப்பிடிக் கொண்டு போவீங்க?"

அக்கா மடிப்பை உதறினாள். சேலையைத் தோளிலிருந்து குறுக்கே சுற்றி, முதுகில் முடிச்சுப் போட்டு, நெஞ்சோடு தலையும் கழுத்தும் தாங்குகிற ஒரு பை மாதிரி ஆக்கிக் காட்டினாள். செல்வி கிட்டே போய்த் துணியைக் கொஞ்சம் விலக்கிவிட்டாள். "மூக்கு மூடிரக் கூடாது மதினி. மொகம் நமக்குத் தெரிஞ்சிட்டே இருக்கணும்."

"எனக்குத் தெரியாதாக்கும்" என்றாள் அக்கா. ஆனாலும் அதேபோல விலக்கிக் கட்டிக்கொண்டாள்.

நான் போட்ட கொக்கியை நானே கழற்றியது அந்த ஒரு தடவைதான். இப்போதும் சொல்கிறேன், என் கொக்கி கடைசிவரை அசையவில்லை. கொக்கி தாங்கினால் போதும் என்று நினைக்காதீர்கள். உள்ளே இருப்பது தங்குமா என்று பாருங்கள்.

இன்றைக்கும் காரில் தூளி கட்டக் கேட்டு ஆள் வருகிறது. பேசுவதற்கு உடம்பில் தெம்பில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு தேங்காய் வைத்திருக்கிறேன்.