விரலுக்கடியில் ஒரு கீறல்

என் வெள்ளை உடுப்பில் இரத்தக் கறையை முதலில் பார்த்தது நானில்லை. பக்கத்து நாற்காலி சாந்திதான், "யக்கா, பின்னால பாரு" என்றாள். எனக்கு மாதவிடாய் நின்று வெகுநாளாகியிருந்தது. நாங்கள் வேலை செய்வது தூசு புகாத அறை. தலைமுதல் கால்வரை மூடிக்கொண்டுதான் உள்ளே போவோம். லைன் லீடர் பிரபு ஓடிவந்தான். "பார்ட்டு மேல எதுனா பட்டுச்சாக்கா?" என்றுதான் கேட்டான். பயலை அங்கேயே அறைந்திருக்க வேண்டும்.

வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனி செய்வது அறுவை சிகிச்சை ரோபோவின் கைகள். டாக்டர் தள்ளி ஒரு திரைமுன் உட்கார்ந்து விரலை அசைப்பார். நோயாளியின் வயிற்றுக்குள் இருக்கும் கருவியின் நுனி அதேபோல் அசையும். அதை இழுப்பவை தலைமுடி மாதிரியான கம்பிகள். அந்தக் கம்பியைச் சின்னஞ்சிறு சக்கரத்தின் பள்ளத்தில் உட்கார வைப்பது என் வேலை. கம்பி பள்ளத்தின் விளிம்பில் ஏறி நின்றாலும் இழுப்பை அளக்கும் மீட்டர் சரி என்றுதான் காட்டும், பிற்பாடு அறுந்துவிடும். விரலால் தடவினால் தெரிந்துவிடும்.

அதனால் ஷிப்ட் தொடங்கும்போது ஒரு பழக்கம் உண்டு. கண்ணை மூடிக் கையை நீட்ட வேண்டும். லீடர் விரலுக்கடியில் ஒரு தகட்டை வைப்பார். அதில் கீறல் எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டும். தவறினால் அன்றைக்குப் பேக்கிங். நான் ஒருநாளும் பேக்கிங் போனதில்லை. அந்தத் திமிர் எனக்கு உண்டு, மறைக்க மாட்டேன்.

பயாப்சி (சதையைக் கொஞ்சம் கிள்ளி எடுத்துச் சோதிப்பது) கர்ப்பப்பையில் புற்று என்றது. ரோபோ வழியாகவே கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்றார்கள். "இந்தக் கையை எல்லாம் நாங்கதான் சார் செய்றோம்" என்று டாக்டரிடம் பெருமையடித்துக்கொண்டேன். அவர் சிரித்தார்.

"ஒரே குறை, எங்க கைக்கு ஒண்ணும் தெரியாதும்மா. தொடுறது மெத்துன்னு இருக்கா, கெட்டியா இருக்கான்னு எல்லாம் கண்ணால பார்த்துதான் செய்யணும். பழகிடும்."

ஐயோ பாவம் என்று அவருக்காக நான் வருத்தப்பட்டேன்.

தலை கீழே சரியும்படி மேசையைச் சாய்த்து, காலை மேலே தூக்கிவைத்துப் பல மணி நேரம் செய்தார்களாம். உடம்பு வழுக்கிவிடாமல் தோளுக்கு முட்டு கொடுத்திருந்தார்கள். விழித்தபோது வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துக் கிடந்தன. நான் கண்டுகொள்ளவில்லை. லைனில் எல்லோருக்கும் விரல் மரக்கும், உதறிவிட்டு வேலையைப் பார்ப்போம். சின்ன விஷயத்துக்கு லைனை நிறுத்தக் கூடாது என்று ஊறிப்போன புத்தி. நர்ஸ் வந்து வந்து "வேற ஏதாவது பண்ணுதா?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல சிஸ்டர்" என்றேன். நீங்கள் அப்படிச் சொல்லாதீர்கள். நகக்கண்ணில் மரத்தாலும் சொல்லுங்கள், லூசு என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும்.

தையல் பிரிக்கப் போனபோதுதான் சொன்னேன். தோள் நரம்புப் பின்னலில் (கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புக் கட்டு) அழுத்தம் விழுந்திருக்கிறது என்றார் டாக்டர்.

"முதல் நாளே ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா சரியாகியிருக்குமா சார்?"

"அதை உறுதியா சொல்ல முடியாது. நரம்பு நகம் வளர்ற மாதிரி மெதுவாத்தான் வளரும். வளராமலும் போகலாம். புத்துநோயே போச்சு, விரல் சின்ன விஷயம்மா."

அவர் விரலாக இருந்தால் சொல்வாரா என்று வெளியே வந்து கத்தினேன். என் கணவர் ஏழுமலை கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். "உசுரோட கீறியே, அது போதாதா?" என்றார். அவருக்குப் போதும். எனக்குப் போதவில்லை. இதைச் சொன்னால் நன்றிகெட்டவள் என்பார்கள்; என்று தொலையட்டும்.

வேலைக்குத் திரும்பிய அன்று பிரபு, "இன்னிக்கு டெஸ்ட்டு வேணாம்க்கா" என்றான். அவன் இரக்கப்பட்டதுதான் எனக்குச் சுருக்கென்றது. கண்ணை மூடிக் கையை நீட்டினேன். ஆள்காட்டி விரலில் லேசாகக் குறுகுறுப்பு வரத் தொடங்கியிருந்தது, அதை நம்பித்தான். காத்திருந்தேன்.

"இன்னாப்பா, இன்னும் வைக்கலியா?"

"வெச்சு நேரமாச்சுக்கா."

கண்ணைத் திறந்தேன். தகடு விரலுக்கடியில்தான் இருந்தது. அதன்மேல் என் விரல் அழுந்தி நுனி வெளுத்திருந்தது. சாந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பேக்கிங்குக்கு நானே நடந்தேன்.

ஸ்கேனில் புற்று இல்லை என்கிறார்கள். அடுத்த ஸ்கேன் எப்போது என்று ஏழுமலைதான் நினைவு வைத்திருக்கிறார். எனக்கு நாள் போவது நகத்தில்தான் தெரிகிறது. நகம் வெட்டும்போதெல்லாம், இவ்வளவு தூரம் நரம்பும் வந்திருக்குமா என்று பார்க்கிறேன். டம்ளரைப் பிடித்திருக்கிறேனா என்பதையும் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். டாக்டர் சொன்னதுபோலப் பழகித்தான் போகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை டிவி பார்த்துக்கொண்டே நகம் வெட்டினேன். "இன்னாமே, ரத்தம்" என்றார் ஏழுமலை. குனிந்தேன். கட்டைவிரலைச் சதையோடு வெட்டியிருந்தேன், நைட்டியெல்லாம் ஈரம். எவ்வளவு நேரமாகச் சொட்டுகிறது என்று அவரிடம் கேட்டேன். அவரும் இப்போதுதான் பார்த்தாராம்.